இமேஜ் பேக்கப்பிலிருந்து விசென்டர் சர்வரை மீட்டெடுத்தல்

1. எது ஓடும், எது ஓயும்

விஸ்பியர் எனப்படும் விஎம்வேர் மெய்நிகராக்கத் தொகுதி இரண்டு அடுக்குகளால் ஆனது. மெய்நிகர் இயந்திரங்களை உண்மையில் ஓட்டுபவை ஈஎஸ்எக்ஸ்ஐ என்னும் மென்பொருள் நிறுவப்பட்ட ஹோஸ்ட் கணினிகள். அந்த ஹோஸ்ட்டுகள் அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து ஆள்வது விசென்டர் சர்வர். 2020ஆம் ஆண்டு வெளிவந்த விஸ்பியர் 7.0 பதிப்பு முதல், விண்டோஸ் கணினியில் நிறுவும் விசென்டர் கைவிடப்பட்டு, ஃபோட்டான் என்னும் லினக்ஸ் வகையின் மேல் அமைந்ததும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைத் தன்னுள் கொண்டதுமான ஆயத்த மெய்நிகர் இயந்திரமாக மட்டுமே அது வழங்கப்படுகிறது. இந்தச் சர்வர் தான் ஆளும் ஹோஸ்ட்டுகளுள் ஒன்றின் மேலேயே ஒரு மெய்நிகர் இயந்திரமாக ஓடுவது பரவலான அமைப்பு. மீட்புப் பணியின் சிக்கல்களுள் பெரும்பகுதி இந்த அமைப்பிலிருந்தே பிறக்கிறது. ஏனெனில் இழந்த ஒன்றை மீட்பதற்கு வழக்கமாகப் பயன்படும் கருவியே இங்கு இழக்கப்பட்டிருக்கிறது.

விசென்டர் செயலிழந்தாலும் மற்ற மெய்நிகர் இயந்திரங்கள் நிற்பதில்லை. அவை ஹோஸ்ட்டின் பொறுப்பில் தொடர்ந்து ஓடும். ஹெச்ஏ எனப்படும் உயர் கிடைப்பு வசதியும், ஹோஸ்ட்டுகளில் குடியிருக்கும் அதன் முகவர் நிரல்களால் இயங்குவதால், ஏற்கெனவே அமைக்கப்பட்டபடி வேலை செய்யும். ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதிலிருந்த இயந்திரங்கள் வேறு ஹோஸ்ட்டில் மீண்டும் தொடங்கப்படும். ஓய்ந்துபோவது ஆளுகை மட்டுமே: இயந்திரத்தை நிறுத்தாமல் ஹோஸ்ட் மாற்றும் விமோஷன், சுமையைப் பங்கிடும் டிஆர்எஸ், டெம்ப்ளேட்டிலிருந்து புதிய இயந்திரம் உருவாக்குதல், விசென்டர் வழியாக நடைபெறும் அன்றாடப் பேக்கப் ஆகியவை நின்றுவிடும். எனவே விசென்டரின் வீழ்ச்சி அவசரமான நிகழ்வுதான் என்றாலும், பதறிச் செயல்பட வேண்டிய நிகழ்வன்று. பதற்றத்தில் எடுக்கும் தவறான அடி, அதுவரை நலமாக ஓடிக்கொண்டிருக்கும் ஹோஸ்ட்டுகளையும் பாதிக்கக்கூடும்.

2. இரண்டு வகைப் பேக்கப்

விசென்டரைக் காப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, விஸ்பியர் 6.5 பதிப்பில் அறிமுகமான கோப்புவழிப் பேக்கப்: 5480ஆம் போர்ட்டில் திறக்கும் நிர்வாகப் பக்கத்திலிருந்து, அமைவுகளும் தரவுத்தளமும் மட்டும் கோப்புகளாக வெளிச் சேமிப்பிடம் ஒன்றுக்கு அனுப்பப்படும். அதை மீட்பதற்கு, பேக்கப் எடுக்கப்பட்டபோது இருந்த அதே பதிப்பின் நிறுவல் கோப்பைக் கொண்டு புதிய விசென்டர் ஒன்றை நிறுவி, அதனுள் பழைய தரவைப் புகுத்த வேண்டும்.

இரண்டாவது, இந்த அத்தியாயத்தின் பொருளான இமேஜ் பேக்கப். இதில் பேக்கப் மென்பொருள் விசென்டர் இயந்திரத்தின் ஸ்னாப்ஷாட் ஒன்றை, அதாவது அக்கணத்து நிலையை உறையவைக்கும் பதிவை, தற்காலிகமாக எடுத்து, வட்டுகள் அனைத்தையும் முழுமையாகப் பிரதி செய்துவிட்டுப் பின்னர் அந்த ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடுகிறது. முதல் முறைக்குப் பிறகு, மாறிய வட்டுப் பகுதிகளை மட்டும் அடையாளங்காணும் சிபிடி என்னும் வசதியால், அடுத்தடுத்த பிரதிகள் விரைவாக முடிகின்றன. மீட்கும்போது நிறுவல் கோப்பு எதுவும் தேவையில்லை. இயக்க முறைமை, தரவுத்தளம், சான்றிதழ்கள், அடையாள எண்கள் அனைத்தும் உள்ளபடியே திரும்புகின்றன.

ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று கருதும் பிழை பரவலாக இருப்பதால், இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஸ்னாப்ஷாட் மூல வட்டைச் சார்ந்தே உயிர் வாழ்வது. டேட்டாஸ்டோர் எனப்படும் சேமிப்புத் தளம் கெட்டால் இரண்டும் சேர்ந்தே அழியும். பேக்கப் என்பது வேறொரு சேமிப்பில் தனித்து நிற்கும் பிரதி.

3. முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

மீட்பின் வெற்றி, விபத்துக்கு முன்பே பெருமளவு முடிவாகிவிடுகிறது. கீழ்க்காணும் ஏற்பாடுகள் அமைதிக் காலத்தில் சில நிமிடங்களில் முடிபவை. விசென்டர் இல்லாத நேரத்தில் இவற்றுள் சிலவற்றைச் செய்யவே இயலாது.

முதல் ஏற்பாடு, வலையமைப்பைப் பற்றியது. பல ஹோஸ்ட்டுகளுக்குப் பொதுவாக விசென்டரால் ஆளப்படும் விநியோக ஸ்விட்ச்சில், மெய்நிகர் இயந்திரங்கள் போர்ட் குரூப் என்னும் தொகுதிகளில் இணைக்கப்படுகின்றன. இயல்பான நிலைப் பிணைப்பு கொண்ட தொகுதியில், புதிதாக வரும் இயந்திரத்துக்குப் போர்ட் ஒதுக்கும் அதிகாரம் விசென்டருக்கே உரியது. மீட்டெடுக்கப்பட்ட விசென்டர் அத்தகைய தொகுதியில் இணைய வேண்டுமானால் விசென்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற முட்டுச்சந்து இதனால் உருவாகிறது. எஃபெமரல் என்னும் தற்காலிகப் பிணைப்பு கொண்ட போர்ட் குரூப்பில் ஹோஸ்ட்டே போர்ட்டை உருவாக்கிக்கொள்ளும். ஆகவே மேலாண்மை வலையமைப்பிற்கென இவ்வகைத் தொகுதி ஒன்றையோ, ஏதேனும் ஒரு ஹோஸ்ட்டில் சாதாரண ஸ்விட்ச் ஒன்றையோ முன்னதாகவே அமைத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஹோஸ்ட்டுகளுக்குள் நேரடியாக நுழையும் வழி. பாதுகாப்பை முன்னிட்டு ஹோஸ்ட்டுகளை லாக்டவுன் நிலையில் வைப்பது நல்ல பழக்கமே. அந்நிலையில் விசென்டர் வழியாகவே ஹோஸ்ட்டை ஆள முடியும். சாதாரண லாக்டவுனில் ஹோஸ்ட்டின் முன் அமர்ந்து அதன் நேரடித் திரையில் நுழைந்து நிலைமையை மாற்ற இயலும். கடுமையான லாக்டவுனில் அந்தத் திரையும் முடக்கப்படுகிறது. லாக்டவுனிலும் நுழைய அனுமதிபெற்ற விதிவிலக்குப் பயனர்கள் முன்பே வரையறுக்கப்பட்டு, எஸ்எஸ்ஹெச் என்னும் தொலைநுழைவுச் சேவையும் இயங்கிக்கொண்டிருந்தாலன்றி, விசென்டரை இழந்த ஹோஸ்ட்டை மீண்டும் நிறுவுவதைத் தவிர வேறு வழியிராது. கடுமையான லாக்டவுனைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம், விதிவிலக்குப் பயனரையும் உடன் நியமிக்க வேண்டும்.

மூன்றாவது, கடவுச்சொற்கள். விசென்டரின் ரூட் கடவுச்சொல் இயல்பு அமைப்பில் 90 நாட்களில் காலாவதியாவது. இமேஜ் பேக்கப்பில் திரும்புவது, பேக்கப் எடுத்த நாளன்று இருந்த கடவுச்சொல்லே. பழைய கடவுச்சொற்களைத் தேதியுடன் பாதுகாப்பாகச் சேமித்து வைக்காத நிர்வாகி, மீட்டெடுத்த சர்வரின் வாசலில் நிற்க நேரிடும். இக்கடவுச்சொற்கள், விசென்டர் இருக்கும் அதே கிளஸ்டரில், அதாவது ஹோஸ்ட்டுகளின் தொகுப்பில், ஓடும் கடவுச்சொல் பெட்டகத்தில் மட்டும் இருந்தால் போதாது. அச்சிட்ட பிரதி ஒன்று பூட்டிய அலமாரியிலும் இருக்க வேண்டும்.

நான்காவது, பேக்கப் சர்வரின் தன்னிறைவு. அந்தச் சர்வரில் நுழைவதற்குப் பொதுப் பயனர் டொமைன் தேவை, டொமைனுக்கு டிஎன்எஸ் எனப்படும் பெயர்ச் சேவை தேவை, அந்தப் பெயர்ச் சேவையோ விழுந்த கிளஸ்டரில் இருக்கிறது என்ற நிலை வரக்கூடாது. பேக்கப் சர்வரில் உள்ளகக் கணக்கு ஒன்றும், ஹோஸ்ட்டுகளின் ஐபி முகவரிப் பட்டியலும் இருக்க வேண்டும். டிஆர்எஸ் விசென்டர் இயந்திரத்தை எந்த ஹோஸ்ட்டுக்கும் நகர்த்திவிடும் என்பதால், கூடியவரை குறிப்பிட்ட இரண்டு ஹோஸ்ட்டுகளுக்குள் அது இருக்குமாறு விருப்ப விதி ஒன்றை அமைத்தால், தேடும் வேலை வெகுவாகக் குறையும்.

4. மீட்பு உண்மையிலேயே தேவையா

விசென்டரின் வலைப்பக்கம் திறக்கவில்லை என்பதாலேயே பேக்கப்பை நாடக் கூடாது. பதிவேட்டுக் கோப்புகள் சேரும் வட்டுப் பகுதி நிரம்பியிருத்தல், டிஎன்எஸ் பதில் தராமை, நேரம் பிசகியிருத்தல், ரூட் கடவுச்சொல் காலாவதி ஆகிய ஒவ்வொன்றும் சர்வர் செத்துவிட்டது போன்ற தோற்றத்தைத் தரும். இவை அனைத்தும் இருக்கும் இடத்திலேயே சரிசெய்யத் தக்கவை. குறிப்பாக, நுழைவுச் சீட்டுகளுக்குக் கையொப்பமிடும் எஸ்டிஎஸ் சான்றிதழ் காலாவதியானால் எவரும் உள்ளே நுழைய முடியாது. நேற்றைய பேக்கப்பை மீட்டாலும் அதே காலாவதிச் சான்றிதழே திரும்பி வரும் என்பதால், அத்தகைய நோய்க்கு மீட்பு மருந்தாகாது. சான்றிதழைப் புதுப்பிப்பதே மருந்து. வட்டுகள் கெட்டுப்போனது, தரவுத்தளம் சிதைந்தது, இயந்திரமே அழிக்கப்பட்டது, மேம்படுத்தல் பாதியில் முறிந்தது ஆகிய நிலைகளே இமேஜ் மீட்புக்கு உரியவை.

எந்த நாளின் பேக்கப்பை எடுப்பது என்பதிலும் இரண்டு வரம்புகள் உண்டு. சிதைவு தொடங்கிய நாளுக்கு முந்தையதாக அது இருக்க வேண்டும். அதேவேளை, ஹோஸ்ட்டுகளின் ஈஎஸ்எக்ஸ்ஐ பதிப்பை ஆளத்தக்க விசென்டர் பதிப்பும் அதில் இருக்க வேண்டும். பேக்கப்புக்குப் பிறகு விசென்டரும் ஹோஸ்ட்டுகளும் புதிய பெரும் பதிப்புக்கு உயர்த்தப்பட்டிருந்தால், பழைய விசென்டரால் புதிய ஹோஸ்ட்டுகளை ஆள முடியாது. இந்த இரண்டு வரம்புகளுக்குள், ஆகப் பிந்திய பிரதியே சிறந்தது.

5. மீட்கும் முறை

முதலில், பழைய விசென்டர் இயந்திரம் எந்த ஹோஸ்ட்டில் இருக்கிறது என்பதை ஹோஸ்ட்டுகளில் ஒவ்வொன்றாக நேரடியாக நுழைந்து கண்டறிந்து, அதை நிறுத்தி, அதன் வலையமைப்பு அட்டையைத் துண்டித்து, பெயரையும் மாற்றி வைக்க வேண்டும். ஒரே ஐபி முகவரியும் ஒரே அடையாளமும் கொண்ட இரண்டு விசென்டர்கள் ஒரே நேரத்தில் விழித்தெழுந்தால், இரண்டும் அதே ஹோஸ்ட்டுகளுக்கு உரிமை கோரும். பழைய இயந்திரத்தை உடனே அழித்துவிடவும் கூடாது. மீட்பு முழுமை பெறும் வரை அதுவும் ஒரு சான்றே.

அடுத்து, பேக்கப் மென்பொருளில் ஹோஸ்ட் ஒன்றைத் தனித்த இலக்காகச் சேர்க்க வேண்டும். அந்த ஹோஸ்ட் விசென்டரின் கீழ் ஏற்கெனவே பதிவாகியிருப்பதால், பெயரால் சேர்க்காமல் ஐபி முகவரியால் சேர்ப்பது குழப்பத்தைத் தவிர்க்கும். சில மென்பொருட்கள், ஹோஸ்ட்டை விசென்டரின் பிடியிலிருந்து தற்காலிகமாக விடுவித்த பின்னரே நேரடி மீட்பை அனுமதிக்கும். அந்த வழிமுறையை முன்னதாகவே படித்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, முழு இயந்திர மீட்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அண்மைப் பதிப்புகளில் விசென்டர் இயந்திரம் பத்துக்கும் மேற்பட்ட வட்டுகளைக் கொண்டது. தரவுத்தளம், அதன் பரிவர்த்தனைப் பதிவு, நிகழ்வுகள், பதிவேடுகள் ஆகியவை வெவ்வேறு வட்டுகளில் பிரிந்து கிடக்கின்றன. ஒரு வட்டு மட்டும் பழுதானது என்று கருதி அதை மட்டும் பழைய பிரதியிலிருந்து மாற்றினால், ஒரு காலத்துத் தரவும் இன்னொரு காலத்துப் பதிவும் ஒன்றோடொன்று மோதும். ஆகவே எல்லா வட்டுகளும் ஒரே பேக்கப் புள்ளியிலிருந்து வர வேண்டும். இயந்திரத்துக்குப் புதிய பெயரும், போதிய இடமுள்ள டேட்டாஸ்டோரும், மேலே கூறப்பட்ட தற்காலிகப் பிணைப்புத் தொகுதியும் அமைத்து, மீட்பு முடிந்ததும் தானாக இயங்கத் தொடங்கும் தேர்வை அணைத்துவைக்க வேண்டும்.

நான்காவதாக, இயக்குவதற்கு முன் இயந்திரத்தின் அமைவுகளைச் சரிபார்க்க வேண்டும். செயலி, நினைவகம் ஆகியவற்றின் அளவு முன்பிருந்தபடி உள்ளதா, வலையமைப்பு அட்டை இணைப்பு நிலையில் உள்ளதா என்பவை முக்கியமானவை. மீட்பின்போது அட்டையின் மேக் முகவரி மாறக்கூடும் என்பதால், டிஹெச்சிபி ஒதுக்கீட்டின் மூலம் முகவரி பெறும் விசென்டரில், ஒதுக்கீட்டையும் புதிய மேக் முகவரிக்கு மாற்ற வேண்டும். பேக்கப்பின்போது இருந்த அதே ஐபி முகவரி திரும்பக் கிடைப்பது கட்டாயம்.

ஐந்தாவதாக, டிஎன்எஸ் சேவையில் விசென்டரின் முழுப் பெயர் முகவரியாகவும், முகவரி முழுப் பெயராகவும் இருவழியும் சரியாக மாறுகின்றனவா என்பதையும், ஹோஸ்ட்டின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்பதையும் உறுதி செய்துகொண்டு, இயந்திரத்தை இயக்க வேண்டும். வட்டுகள் திடீர் மின்வெட்டுக்குப் பின் இருப்பது போன்ற நிலையில் திரும்புவதால், தரவுத்தளம் தன் பரிவர்த்தனைப் பதிவைக் கொண்டு தன்னைச் சீர்செய்துகொள்ளச் சற்று நேரமாகும். எல்லாச் சேவைகளும் எழுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் எடுப்பது இயல்பே. பொறுமையிழந்து இடையில் மறுதொடக்கம் செய்வது தீங்கு தரும். பின்னர் 5480ஆம் போர்ட்டின் நிர்வாகப் பக்கத்தில் நலநிலையையும் சேவைகளின் பட்டியலையும் பார்த்து, அதன் பின்னரே வழக்கமான பக்கத்தில் நுழைய வேண்டும்.

6. பழைய நினைவும் இன்றைய நிலையும்

இயந்திரம் எழுந்துவிட்டதோடு மீட்பு முடிந்துவிட்டதாகக் கருதுவது பெரும்பிழை. மீட்டெடுக்கப்பட்ட விசென்டரின் நினைவு, பேக்கப் எடுத்த கணத்தோடு நின்றுவிட்டது. ஹோஸ்ட்டுகளோ அதற்குப் பிறகும் ஓடி, பல மாற்றங்களைக் கண்டுவிட்டன. இந்த இடைவெளியை நிரப்புவதே மீட்பின் உண்மையான வேலை. விசென்டரின் பதிவும் ஹோஸ்ட்டின் நிலையும் முரண்படும் இடங்களில் ஹோஸ்ட்டையே உண்மையெனக் கொள்ள வேண்டும் என்பது இப்பணியின் அடிப்படை விதி.

முதலில் தென்படுவது, சில ஹோஸ்ட்டுகள் தொடர்பற்றவையாகக் காட்டப்படுவது. விசென்டர் ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் விபிஎக்ஸ்யூசர் என்னும் கணக்கின் வழியே நுழைகிறது. அதன் கடவுச்சொல்லை இயல்பு அமைப்பில் 30 நாட்களுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்கிறது. பேக்கப்புக்குப் பிறகு அந்த மாற்றம் நிகழ்ந்திருந்தால், மீண்டு வந்த விசென்டரிடம் இருப்பது பழைய சாவி. ஹோஸ்ட்டின் ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்து மறுஇணைப்புச் செய்தால் புதிய சாவி உருவாகிவிடும். இந்நிலையில் ஹோஸ்ட்டை இன்வென்டரி என்னும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் சேர்க்கக் கூடாது. அவ்வாறு செய்தால் அதன் மேலுள்ள இயந்திரங்களின் அனுமதிகளும் அடையாள எண்களும் தேவையின்றி இழக்கப்படும்.

பேக்கப்புக்குப் பின் உருவாக்கப்பட்ட மெய்நிகர் இயந்திரங்கள், ஹோஸ்ட் இணைந்ததும் அதன் வாயிலாக அறியப்பட்டுப் பட்டியலில் தோன்றும். ஆனால் அவற்றின் கோப்புறை இடம், டேக் எனப்படும் குறிச்சொற்கள், அனுமதிகள் ஆகியவை விசென்டரில் மட்டுமே இருந்தவை என்பதால் மீண்டும் அமைக்கப்பட வேண்டும். இடைக்காலத்தில் அழிக்கப்பட்ட இயந்திரங்கள் அநாதை என்ற அடையாளத்துடன் காட்சி தரும். அவை உண்மையிலேயே எந்த ஹோஸ்ட்டிலும் இல்லை என்று உறுதி செய்த பிறகே பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். இடையில் சேர்க்கப்பட்ட ஹோஸ்ட்டுகளை மீண்டும் சேர்க்க வேண்டும். விநியோக ஸ்விட்ச்சில் இடையில் உருவான போர்ட் குரூப்புகளை விசென்டர் அறியாது என்பதால், ஏற்றுமதி செய்து வைத்த அமைவுக் கோப்பிலிருந்தோ, கைப்படவோ அவற்றை மறுபடியும் உருவாக்கி, உரிய இயந்திரங்களை இணைக்க வேண்டும்.

பேக்கப் மென்பொருட்கள் மெய்நிகர் இயந்திரங்களைப் பெயரால் அன்றி, விசென்டர் வழங்கிய உள் அடையாள எண்ணால் அறிகின்றன. இமேஜ் மீட்பில் அந்த எண்கள் மாறாதிருப்பதால், பேக்கப் வேலைகள் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. புதிதாக விசென்டர் நிறுவியிருந்தால் எல்லா இயந்திரங்களும் புதியவையாகக் கருதப்பட்டு, முழுப் பேக்கப் மறுபடி எடுக்கப்பட்டிருக்கும். எனினும் இடைக்காலத்தில் ஓர் இயந்திரத்துக்கு வழங்கப்பட்ட எண், மீட்புக்குப் பின் வேறோர் இயந்திரத்துக்கு வழங்கப்பட வாய்ப்புண்டு. எனவே அக்காலத்து இயந்திரங்களைப் பேக்கப் வேலைகளிலிருந்து எடுத்துவிட்டு மீண்டும் சேர்ப்பதே பாதுகாப்பானது.

7. தனிக் கவனம் வேண்டும் அமைப்புகள்

விசான் என்பது ஹோஸ்ட்டுகளின் உள்வட்டுகளையே ஒன்றுசேர்த்துப் பொதுச் சேமிப்பாக்கும் முறை. எந்தெந்த ஹோஸ்ட்டுகள் உறுப்பினர் என்ற பட்டியலை, விசானின் 6.6 பதிப்பிலிருந்து விசென்டரே ஹோஸ்ட்டுகளுக்கு அனுப்பி வருகிறது. பேக்கப்புக்குப் பின் ஹோஸ்ட்டுகள் சேர்க்கப்பட்டிருந்தால், மீண்டெழுந்த விசென்டர் பழைய பட்டியலை அனுப்பி, ஒன்றாக இருந்த சேமிப்பைத் துண்டாடிவிடக்கூடும். ஆகவே விசென்டரை இயக்குவதற்கு முன்பே, உறுப்பினர் பட்டியல் மாற்றத்தைப் புறக்கணிக்கும் உயர்நிலை அமைவை எல்லா ஹோஸ்ட்டுகளிலும் 1 என்று வைத்து, ஹோஸ்ட்டுகள் அனைத்தும் கிளஸ்டருக்குள் சரியாக இடம்பெற்ற பிறகே 0 என்று திருப்ப வேண்டும்.

இணைப்பு முறையில் உள்ள விசென்டர்கள், அதாவது 15 வரையான விசென்டர்கள் ஒரே நுழைவுத் தளத்தைப் பகிரும் அமைப்பு, பயனர் அடைவை ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்கின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரிசை எண் உண்டு. ஒன்றை மட்டும் பழைய காலத்துக்குத் திருப்பினால், அதன் எண்ணும் மற்றவை நினைவில் வைத்திருக்கும் எண்ணும் முரண்பட்டு, சில மாற்றங்கள் பரிமாறப்படாமலே போகும். பிழைச்செய்தி எதுவுமின்றி அடைவுகள் பிளவுபடும். இதற்கெனவே விசென்டர்-ரீஸ்டோர் என்னும் நிரல் உள்ளே வழங்கப்பட்டுள்ளது. மீட்டெடுத்த விசென்டரின் கட்டளைச் சாளரத்தில் அதை இயக்கி, பின்னர் இருபுறமும் பரிமாற்ற நிலையைச் சரிபார்க்க வேண்டும். விசென்டரே பல கணுக்களாக நிறுவப்படும் விசென்டர் ஹெச்ஏ அமைப்பிலோ, செயல்படும் கணுவை மட்டுமே பேக்கப் எடுத்து, மீட்கும்போது பழைய கணுக்கள் அனைத்தையும் நிறுத்தி, தனி விசென்டராக அது எழுந்த பிறகு அந்த அமைப்பைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

8. ஒத்திகை

மீட்டுப் பார்க்கப்படாத பேக்கப் வெறும் நம்பிக்கையே. ஆண்டுக்கு இருமுறையேனும், வெளியுலகோடு எவ்வித இணைப்பும் இல்லாத ஸ்விட்ச் ஒன்றில் விசென்டரை மீட்டெடுத்து, சேவைகள் எழுகின்றனவா, கடவுச்சொல் ஏற்கப்படுகிறதா என்று பார்த்து, ஆன நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும். ஒத்திகையின்போது அந்த ஸ்விட்ச் உண்மை வலையமைப்போடு இணைந்துவிடாமல் காப்பது மிக முக்கியம். இணைந்தால் ஒத்திகை விசென்டர் மெய்யான ஹோஸ்ட்டுகளை ஆளப் புறப்பட்டுவிடும்.

ஒத்திகையில் கண்ட குறைகள் திருத்தப்பட்டு, ஐபி முகவரிகள், போர்ட் குரூப் பெயர், பதிப்பு எண், கடவுச்சொல் இருக்குமிடம், ஒவ்வோர் அடியின் வரிசை ஆகியவை அடங்கிய இரண்டு பக்கக் குறிப்பாக எழுதப்பட வேண்டும். விசென்டர் விழும் இரவில் பணியில் இருப்பவர் அதை அமைத்தவராக இல்லாமல் போகலாம். அவருக்கும் புரியும் மொழியில் அக்குறிப்பு இருப்பது, அடுத்த பேக்கப் எடுக்கப்படுவதைப் போலவே இன்றியமையாத கடமை.